பழைய டேப்லெட்ட மாத்தணுமா? கடைக்குப் போறதுக்கு முன்னாடி வீட்லயே செக் பண்ணிப் பாருங்க

2020, 2021ல ஆன்லைன் கிளாஸுக்காக அவசர அவசரமா வாங்குன டேப்லெட் நம்ம ஊர்ல எத்தனையோ வீட்ல இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு. அன்னைக்கு ஏழாவது படிச்ச பையன் ப்ளஸ் டூக்கு வந்துட்டான், காலேஜ்ல இருந்த அக்கா இப்ப குரூப் 2, குரூப் 4னு டிஎன்பிஎஸ்சிக்கு உக்காந்து படிக்கிறாங்க, டேப் மட்டும் அதே டேப். அது ஸ்லோ ஆகுது, சார்ஜ் நிக்க மாட்டேங்குது, புதுசு வாங்கிடலாமான்னு யோசிக்கிறவங்களுக்காகத்தான் இத எழுதுறேன், குறிப்பா பிடிஎஃப் படிக்க, வீடியோ கிளாஸ் பாக்க, பேனா வெச்சு நோட்ஸ் எடுக்க யூஸ் பண்றவங்களுக்கு. கேம், வீடியோ எடிட்டிங்னா கணக்கே வேற, அதுக்குள்ள நான் போகல.

என் கருத்த முதல்லயே சொல்லிடுறேன். புது மாடல் வந்துருச்சுங்கிறது மாத்துறதுக்கு ஒரு காரணமே இல்ல. அப்டேட் நின்னு போய் தேவையான ஆப் ஓடாம போறது, ரேம் (ஆப் ஓடும்போது தற்காலிகமா யூஸ் ஆகுற மெமரி) பத்தாம டெய்லி பண்ற வேலை நடுவுல நடுவுல நிக்கிறது, ஸ்க்ரீன் சின்னதா இருந்து கண்ணு வலிக்கிறது, இந்த மூணுக்குத்தான் புதுசுக்கு காசு போடணும். மத்தது பெரும்பாலும் வீட்லயே சரி பண்ணலாம், இல்லன்னா பேட்டரி மாத்துனா முடிஞ்சிடும். கீழ சொல்ற வரிசையிலயே பாத்துட்டு வாங்க, ஏன்னா முதல் ரெண்டுலயே நிறைய பேரோட பிரச்சனை தீர்ந்துடும்.

மொதல்ல ஸ்டோரேஜ்

டேப் ஸ்லோன்னு சொல்றவங்க கைல இருக்கிறத வாங்கிப் பாத்தா பெரும்பாலும் ஸ்டோரேஜ் ஃபுல்லா இருக்கும். 2020ல வந்த எட்டாவது ஜெனரேஷன் ஐபேட் வரைக்கும் பேஸ் மாடல் 32 ஜிபிதான், அதுல சிஸ்டமே ஒரு பெரிய பங்க எடுத்துக்கும், மிச்சத்துல ஆப், வீடியோ, பிடிஎஃப் எல்லாம் அடங்கணும். ஆண்ட்ராய்டுலயும் அந்த காலத்து குறைஞ்ச விலை டேப் நிறைய 32 ஜிபி, அதுவும் இஎம்எம்சிங்கிற விலை குறைஞ்ச, வேகம் கம்மியான டைப் மெமரி, அது நிரம்ப நிரம்ப எழுதுற வேகம் குறையும், ஆப் தொறக்கவே யோசிக்கும்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவங்களுக்கு இதுல முக்கியமான ஆள் டெலகிராம். பத்து பதினஞ்சு சேனல்ல இருப்பீங்க, தினம் கரண்ட் அஃபேர்ஸ், மாடல் கொஸ்டின், பழைய வினாத்தாள்னு வந்துகிட்டே இருக்கும், தொறந்து பாத்தது எல்லாம் கேஷ்ல (cache, ஆப் தற்காலிகமா சேத்து வெக்கிற இடம்) போய் உக்காந்துக்கும். டெலகிராம் செட்டிங்ஸ்ல டேட்டா அண்ட் ஸ்டோரேஜ், அதுக்குள்ள ஸ்டோரேஜ் யூசேஜ் போய் பாருங்க, பல ஜிபி இருக்க வாய்ப்பு இருக்கு. கிளியர் பண்ணிடலாம், ஃபைல் அவங்க சர்வர்ல இருக்கும், வேணும்னா திரும்ப இறக்கிக்கலாம். ஆனா ஒரு விஷயம், சேனலையே யாராவது டெலிட் பண்ணிட்டா திரும்ப கிடைக்காது, காப்பிரைட் புகார்ல சேனல் காணாம போறது அடிக்கடி நடக்குது, அதனால முக்கியமான பிடிஎஃப்ப முதல்ல தனி ஃபோல்டர்லயோ பென் டிரைவ்லயோ கூகுள் டிரைவ்லயோ போட்டு வெச்சிட்டு அப்புறம் கிளியர் பண்ணுங்க. அதே இடத்துல மீடியாவ எத்தனை நாள் வெச்சிருக்கணும்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அத ஒரு வாரம்னு மாத்திடுங்க, ஆட்டோ டவுன்லோடையும் ஆஃப் பண்ணிடுங்க.

32 ஜிபி டேப்ல அஞ்சு ஆறு ஜிபியாவது காலியா இருக்கிற மாதிரி பண்ணிட்டு, ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டு, ரெண்டு மூணு நாள் வழக்கம் போல யூஸ் பண்ணுங்க. சாம்சங் டேப்னா மைக்ரோ எஸ்டி கார்டு போட இடம் இருக்கும், வீடியோ கிளாஸ் எல்லாத்தையும் அதுக்கு மாத்திடலாம். ஐபேட்ல அந்த வசதி கிடையாது. இதுக்கப்புறமும் ஸ்லோவா இருந்தாதான் அடுத்ததுக்குப் போங்க.

பேட்டரி

சார்ஜ் நிக்கலன்னு சொல்றது எவ்வளவு உண்மைன்னு தெரிஞ்சிக்க ஈசியான வழி இருக்கு. ஃபுல் சார்ஜ் போட்டு, ஏரோப்ளேன் மோட் போட்டு, பிரைட்னஸ் பாதியில வெச்சு, ஏற்கனவே டவுன்லோட் பண்ண ஒரு வீடியோவ சரியா ஒரு மணி நேரம் ஓட விடுங்க. ஐபேட் புதுசுல சுமார் 10 மணி நேரம் நிக்கும்னு ஆப்பிள் சொல்லுது, அப்ப ஒரு மணி நேரத்துக்கு 10 சதவீதம் இறங்கணும். 12, 13 இறங்குனா அஞ்சு வருஷ டேப்புக்கு ரொம்ப நல்ல நிலைமை. 20க்கு மேல இறங்குனா பேட்டரில பாதிதான் மிச்சம் இருக்குன்னு எடுத்துக்கலாம். ஐபேட் பேட்டரி 1000 ஃபுல் சார்ஜ் சைக்கிள் வரைக்கும் 80 சதவீதம் தாங்குற மாதிரி செஞ்சதுன்னும் அவங்களே சொல்றாங்க, தினம் பாதி பாதி சார்ஜ் செலவு பண்றவங்களுக்கு அது அஞ்சு வருஷத்துக்கு மேல வரும். ஐஃபோன்ல மாதிரி பேட்டரி ஹெல்த் எவ்வளவுன்னு பழைய ஐபேட்ல செட்டிங்ஸ்ல தெரியாது, எம்2 சிப் ஐபேட் ஏர், எம்4 சிப் ஐபேட் ப்ரோ வந்ததுல இருந்துதான் அத காட்ட ஆரம்பிச்சாங்க, அதனால இந்த ஒரு மணி நேர டெஸ்டே போதும்.

சார்ஜ் ஏற லேட் ஆகுதுன்னா டேப்ப குறை சொல்றதுக்கு முன்னாடி சார்ஜர புரட்டிப் பாருங்க. ஒன்பதாவது ஜெனரேஷன் ஐபேட்டோட பேட்டரி 32.4 வாட் அவர், அத பழைய ஃபோனோட 5 வாட் சார்ஜர்ல போட்டா கணக்குப்படியே ஆறரை மணி நேரம் ஆகும், நடைமுறைல இன்னும் மேல. வீட்ல யாரோ நல்ல சார்ஜர எடுத்துட்டுப் போயிட்டு சின்னத சொருகி வெச்சிருப்பாங்க.

அப்புறம் டேப்ப கவர்ல இருந்து கழட்டி சமமான டேபிள் மேல மல்லாக்க வைங்க. ஒரு மூலைய அழுத்துனா ஆடுதா, ஓரத்துல கண்ணாடி லேசா தூக்கிட்டு உள்ள வெளிச்சம் கோடு மாதிரி தெரியுதா? அப்படி இருந்தா பேட்டரி உப்பிடுச்சு. அன்னைல இருந்து சார்ஜ் போடாதீங்க, தலைமாட்டுல வெச்சுக்கிட்டு தூங்காதீங்க, குழந்தைங்க கைல குடுக்காதீங்க, நேரா சர்வீஸ் சென்டர் போயிடுங்க. இதுல மட்டும் தள்ளிப் போடவே கூடாது.

உப்பல, சும்மா வீக்தான்னா பேட்டரி மாத்துற செலவு என்னன்னு கம்பெனி சர்வீஸ்ல கேளுங்க, புது டேப் விலைல கால் பங்குக்குள்ள வந்து மத்த டெஸ்ட் எல்லாம் பாஸ்னா நான் மாத்தச் சொல்லுவேன். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் மார்க்கெட் மாதிரி இடத்துல வெளிக் கடைல குடுத்தீங்கன்னா, டேப்ல கண்ணாடிய பசை போட்டு ஒட்டியிருப்பாங்க, சூடு பண்ணித்தான் பிரிக்கணும், அப்ப கண்ணாடி உடைஞ்சா யார் பொறுப்புன்னு குடுக்குறதுக்கு முன்னாடியே பேசிக்கோங்க.

அப்டேட் எங்க நிக்குது

இங்கதான் நிஜமாவே வயசு தெரியும். ஐபேட்ல 2018ல வந்த ஆறாவது ஜெனரேஷன் ஐபேட்ஓஎஸ் (ஐபேட்டோட சிஸ்டம் சாஃப்ட்வேர்) 17ஓட நின்னுச்சு, 2019 ஏழாவது ஜெனரேஷன் 18ஓட நின்னுச்சு, 2020ல வந்த எட்டாவதுக்கும் அதுக்கு மேலயும் ஐபேட்ஓஎஸ் 26 கிடைக்குது. லாக்டவுன்ல எட்டாவதோ ஒன்பதாவதோ வாங்கியிருந்தா இந்த விஷயத்துல கவலை வேண்டாம். சாம்சங்ல 2020 மாடல் கேலக்ஸி டேப் எஸ்6 லைட் ஆண்ட்ராய்டு 13ஓட நின்னுடுச்சு, டேப் ஏ7 12ஓட நின்னுடுச்சு.

நின்னுடுச்சுன்னா உடனே தூக்கிப் போடணும்னு அர்த்தம் இல்ல, ஆப் எல்லாம் இன்னும் பல வருஷம் ஓடும். உங்க ஆப் எது கேக்குதுன்னு பாருங்க. குரோம் 139ல இருந்து ஆண்ட்ராய்டு 10 வேணும்னு ஆயிடுச்சு, அப்ப ஆண்ட்ராய்டு 8, 9ல இருக்கிற டேப்புக்கு பிரவுசரே பழசாவே இருக்கும், அத நான் மாத்த வேண்டிய டேப்னுதான் சொல்லுவேன். 12, 13ல இருக்கிறவங்க தாராளமா ஓட்டலாம், செக்யூரிட்டி அப்டேட் வராத டேப்ல பேங்க் வேலை, பாஸ்வேர்ட் சேவ் பண்றது இத மட்டும் வெச்சுக்காதீங்க, அத ஃபோன்ல பண்ணிக்கலாம். கோச்சிங் ஆப் புதுசா ஒன்னுல சேரப் போறீங்கன்னா, காசு கட்டுறதுக்கு முன்னாடி அந்த ஆப் உங்க டேப்ல இன்ஸ்டால் ஆகுதா, டெமோ வீடியோ ஓடுதான்னு பாத்துடுங்க.

இன்னொன்னு, ஐபேட்ல வாட்ஸ்அப் இல்லன்னுதான் ஆண்ட்ராய்டுக்கு மாறணும்னு நினைச்சவங்க நிறைய பேர். 2025 மே மாசம் ஐபேட்டுக்கும் வாட்ஸ்அப் வந்துடுச்சு. அந்த ஒரு காரணத்துக்காக இருந்தா மாத்த வேண்டாம்.

ரேம் பத்துதா

உங்ககிட்ட இருக்கிறதுலயே பெரிய ஸ்கேன் பிடிஎஃப்ப எடுங்க, கொஸ்டின் பேங்க் மாதிரி 200, 300 எம்பி இருக்கிறது. நடுவுல ஒரு பக்கத்துக்குப் போய் ரெண்டு விரல் வெச்சு பெருசு பண்ணுங்க. எழுத்து முதல்ல கலங்குன மாதிரி இருந்து அப்புறம் தெளியும், எல்லா டேப்லயும் கொஞ்சம் அப்படித்தான், ஏன்னா ஸ்கேன் பக்கம் ஒவ்வொன்னும் ஒரு ஃபோட்டோ, அத விரிச்சுக் காட்ட நேரம் எடுக்கும். ஒரு செகண்ட்ல தெளிஞ்சா ஓகே, ஒவ்வொரு பக்கத்துக்கும் மூணு நாலு செகண்ட்னா படிக்கிற ஓட்டமே போயிடும். அடுத்தது, பிடிஎஃப்ப அப்படியே விட்டுட்டு யூடியூப்ல ரெண்டு நிமிஷம் கிளாஸ் பாத்துட்டு திரும்பி வாங்க. விட்ட பக்கத்துலயே நிக்குதா, இல்ல ஆப் லோகோ காட்டி முதல்ல இருந்து ஆரம்பிக்குதா? ஒவ்வொரு தடவயும் முதல்ல இருந்து ஆரம்பிச்சா ரேம் பத்தலன்னு அர்த்தம். ஒன்பதாவது ஐபேட், டேப் ஏ7 பேஸ் மாடல் எல்லாம் 3 ஜிபி, எஸ்6 லைட் 4 ஜிபி.

இதுக்கும் காசு இல்லாம ஒரு வழி முயற்சி பண்ணலாம், பெரிய பிடிஎஃப்ப பாடம் பாடமா பிரிச்சு சின்ன ஃபைலா வெச்சுக்கோங்க. சமச்சீர் புத்தகத்த வெச்சு படிக்கிறவங்களுக்கு இது வேற விதத்துலயும் உதவும், பாடத்த உடனே எடுக்கலாம். ஆனா சைஸ் குறைக்கிறேன்னு ரொம்ப கம்ப்ரஸ் பண்ணிடாதீங்க, தமிழ் ஸ்கேன்ல முதல்ல அடி வாங்குறது புள்ளிதான், க் எல்லாம் க ஆயிடும், சுழி நிரம்பிப் போய் ண எது ன எதுன்னு குழம்பும், இலக்கணம் படிக்கிறவங்களுக்கு அதவிட தொல்லை வேற இல்ல.

பிரிச்சு வெச்சும் தினமும் தடை படுதுன்னா, இது மாத்துறதுக்கு நியாயமான காரணம். 2025ல வந்த ஏ16 சிப் ஐபேட் 6 ஜிபி, கேலக்ஸி டேப் எஸ்9 எஃப்இ பேஸ் 6 ஜிபி, எஸ்10 எஃப்இ 8 ஜிபி. எஸ்6 லைட்ட குடுத்துட்டு இன்னொரு 4 ஜிபி டேப்ப 12 ஆயிரத்துக்கு வாங்குறது மட்டும் வேண்டவே வேண்டாம், டப்பா புதுசா இருக்கும், அனுபவம் அதேதான்.

ஸ்கேல எடுத்து ஸ்க்ரீன அளங்க

இன்ச் கணக்குல ஏமாந்துடக் கூடாது. பிடிஎஃப் படிக்கிறவங்களுக்கு முக்கியம் டேப்ப நேரா பிடிக்கும்போது ஸ்க்ரீனோட அகலம் எவ்வளவுங்கிறதுதான். ஏ4 பேப்பர் அகலம் 210 மில்லிமீட்டர். 8.7 இன்ச் டேப் ஸ்க்ரீன் அகலம் சுமார் 114 மில்லிமீட்டர், அப்ப பக்கம் 54 சதவீதத்துக்கு சுருங்கும், பேப்பர்ல 11 பாயின்ட்ல இருக்கிற எழுத்து 6 பாயின்ட்டா தெரியும், மாத்திரை அட்டைக்குப் பின்னாடி இருக்கிற எழுத்து மாதிரி. 10.4 இன்ச் எஸ்6 லைட் 136 மில்லிமீட்டர், 65 சதவீதம். 10.2 இன்ச் பழைய ஐபேட் 156, 74 சதவீதம். பத்தாவது ஐபேட், புது ஏ16 ஐபேட் ரெண்டும் சுமார் 10.9 இன்ச், 158, 75 சதவீதம்.

இத வெச்சு பாத்தா ரெண்டு விஷயம் தெளிவா தெரியும். சின்ன எட்டு இன்ச் டேப்ல கண்ண சுருக்கி படிச்சிட்டு இருக்கிறவங்க பெரிய டேப்புக்கு மாறுறது நூத்துக்கு நூறு உபயோகம், தலைவலி குறையும், நான் வாங்குங்கன்னே சொல்லுவேன். ஒன்பதாவது ஐபேட்ல இருந்து புது ஐபேட்டுக்கு போறவங்களுக்கு படிக்கிற அளவுல ஒரு சதவீதம்தான் வித்தியாசம், ஸ்க்ரீன் பெருசுன்னு நினைச்சு வாங்காதீங்க. வாங்க முடியாத நிலைமைல இருக்கிறவங்க அந்த சின்ன டேப்பையே படுக்க வெச்சு பாருங்க, 8.7 இன்ச்ல நீள பக்கம் 189 மில்லிமீட்டர், பக்கம் 90 சதவீதத்துல தெரியும், பாதி பாதியா ஸ்க்ரோல் பண்ணணும் அவ்ளோதான். ரீட்எரா மாதிரி ஆப்ல ஓரத்து வெள்ளை இடத்த வெட்டிக் காட்டுற ஆப்ஷனும் இருக்கு, அதுலயும் எழுத்து பெருசாகும்.

90 ஹெர்ட்ஸ், 120 ஹெர்ட்ஸ்னு (ஒரு செகண்ட்ல ஸ்க்ரீன் எத்தனை தடவ புதுசாகுதுங்கிற கணக்கு) கடைல ஸ்க்ரோல் பண்ணிக் காட்டுவாங்க, படிக்கிறதுக்கு அது தேவையே இல்ல.

பேனா கணக்க விட்டுடாதீங்க

2025ல ஏ16 ஐபேட் 128 ஜிபி இந்தியால 34,900 ரூபாய்க்கு வந்துச்சு. யூஎஸ்பி-சி ஆப்பிள் பென்சில் அப்ப 7,900. சேத்தா 42,800, கவர், ஸ்க்ரீன் கார்டு தனி. உங்ககிட்ட பழைய ஐபேட்டோட முதல் ஜெனரேஷன் பென்சில் இருந்தா அதையே ஏ16ல யூஸ் பண்ணலாம், நடுவுல ஒரு சின்ன அடாப்டர் மட்டும் வேணும், அப்ப அந்த 7,900 மிச்சம். ஆனா அதே பென்சில் எம்2, எம்3 ஐபேட் ஏர்ல வேலை செய்யாது, அதுக்கு பென்சில் ப்ரோவோ யூஎஸ்பி-சி பென்சிலோதான். யூஎஸ்பி-சி பென்சில்ல அழுத்திப் போட்டா கோடு தடிக்கிற வசதி கிடையாது, நோட்ஸுக்கு பரவால்ல, வரையிறவங்க பாத்து வாங்குங்க.

எழுதும்போது தெரியுற இன்னொரு விஷயம், ஒன்பதாவது, பத்தாவது, ஏ16 மூணுலயும் கண்ணாடிக்கும் டிஸ்ப்ளேக்கும் நடுவுல இடைவெளி இருக்கும். கடைல டேப்ப சாச்சு வெச்சு ஒரு கோடு போடுங்க, பேனா முனை ஒரு இடத்துல, மை அதுக்கு கொஞ்சம் கீழ விழுற மாதிரி தெரியும். ஐபேட் ஏர்ல அந்த இடைவெளி இல்ல. நாள் முழுக்க எழுதுறவங்களுக்கு அது பெரிய வித்தியாசம், கோடு போட்டு ஹைலைட் மட்டும் பண்றவங்களுக்கு ஒன்னும் இல்ல. சாம்சங் எஸ்6 லைட், எஸ்9 எஃப்இ ரெண்டுலயும் பேனா பெட்டிக்குள்ளயே வந்துடும், எழுதுறதுக்கு அத சார்ஜ் போடவும் வேண்டாம், பட்ஜெட் பாக்குற ஸ்டூடன்ட்டுக்கு அது நெஜமாவே பெரிய உதவி.

பழசு வாங்குறவங்களும் விக்கிறவங்களும்

செகண்ட் ஹேண்ட் வாங்குனா ரீசெட் பண்ணி, உங்க கண்ணு முன்னாடி முதல்ல இருந்து செட்டப் பண்ணச் சொல்லுங்க. பழைய ஓனரோட ஆப்பிள் ஐடி, கூகுள் பாஸ்வேர்ட் கேட்டா வாங்காதீங்க. ரிமோட் மேனேஜ்மென்ட்னு ஒரு ஸ்க்ரீன் வந்தா ஏதோ கம்பெனியோ கோச்சிங் சென்டரோ லாக் போட்டு குடுத்த டேப் அது, எவ்வளவு கம்மி விலை சொன்னாலும் வேண்டாம், ஒவ்வொரு ரீசெட்டுக்கும் அந்த லாக் திரும்ப வரும்.

விக்கிறவங்க, எக்ஸ்சேஞ்ச்ல குடுக்குறவங்க, ரீசெட் பட்டன தொடுறதுக்கு முன்னாடி நோட்ஸ வெளிய எடுங்க. சாம்சங் நோட்ஸ்ல கைல எழுதுனது எல்லாத்தையும் பிடிஎஃப்பா எக்ஸ்போர்ட் பண்ணலாம், ஐபேட் நோட்ஸ்லயும் அப்படித்தான். பிடிஎஃப் மேல போட்ட ஹைலைட்ட சில ஆப் தன்கிட்ட தனியா வெச்சுக்கும், ஃபைல மட்டும் காப்பி பண்ணா வராது, அதனால காப்பி பண்ணத ஃபோன்ல தொறந்து மஞ்சக் கோடு தெரியுதான்னு ஒரு தடவ பாத்துடுங்க, ஒரு வருஷப் படிப்பு அதுல இருக்கு. அப்புறம் ஐபேட்ல ஃபைண்ட் மை (தொலைஞ்சா தேடிக் கண்டுபிடிக்கிற வசதி) ஆஃப் பண்ணுங்க, ஆண்ட்ராய்டுல கூகுள் அக்கவுன்ட்டையும் சாம்சங் அக்கவுன்ட்டையும் செட்டிங்ஸ்லயே ரிமூவ் பண்ணுங்க, மெமரி கார்ட கழட்டுங்க, கடைசியா ரீசெட். அக்கவுன்ட்ட எடுக்காம ரீசெட் பண்ணிட்டா வாங்குறவர் செட்டப் பண்ணும்போது உங்க பாஸ்வேர்ட் கேட்டு நிக்கலாம், எக்ஸ்சேஞ்சுக்கு வர்றவர் அத பாத்தார்னா வாங்காமலே திரும்பிப் போயிடுவார்.